தினமும் ஆபீஸ், அவ்வப்போது டிராக்: ஆக்டேவியா ஆர்.எஸ்ஸுக்கு எந்த ஆயில்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 2017-இல் வாங்கிய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 230, வாரண்டி முடிந்துவிட்டது. தினமும் 40 கி.மீ. சென்னை நெரிசல், வருஷத்துக்கு நாலைந்து முறை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். சர்வீஸ் சென்டரில் 5டபிள்யூ-30 இன்ஜின் ஆயில் ஊற்றுகிறார்கள். நண்பர் ஒருவர் 10டபிள்யூ-60 ரேசிங் ஆயிலுக்கு மாறச் சொல்கிறார். இன்னொருவர் டிராக்குக்கு முன்னால் ஒன்று, திரும்பி வந்ததும் வேறொன்று என்று மாற்றிக்கொண்டே இருக்கச் சொல்கிறார். “எது நல்ல ஆயில்?” என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இருக்கும் கேள்வி இது: நெரிசலில் 95 டிகிரியிலும் டிராக்கில் 130 டிகிரியிலும் ஓடும் இன்ஜினுக்கு ஒரே ஆயில் போதுமா?

போதும். ஸ்கோடாவின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வேகன் சோதித்துத் தரும் 502 00 அப்ரூவல் உள்ள 5டபிள்யூ-40 அல்லது 0டபிள்யூ-40 ஊற்றுங்கள். 15,000 கி.மீ. சர்வீஸ் இடைவெளியைப் பாதியாக்குங்கள். டிராக்குக்குப் போகும்போது ஆயிலின் அளவு டிப்ஸ்டிக்கின் (அளவு பார்க்கும் குச்சி) மேல்கோட்டில் இருக்கட்டும். 60 வேண்டாம், மாற்றி மாற்றி ஊற்றவும் வேண்டாம். இவ்வளவு போதுமென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். காரணங்கள் கீழே.

டின்னில் இருக்கும் எண்களில் தொடங்குகிறேன். டபிள்யூ-வுக்கு முன்னால் இருப்பது குளிரில் ஆயில் எவ்வளவு ஓடும் என்பதன் குறி. 5டபிள்யூ என்றால் மைனஸ் 35 டிகிரியில்கூட பம்ப் அதை இழுக்க முடியும், 0டபிள்யூ என்றால் மைனஸ் 40. மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் ஊரில் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய அர்த்தமில்லை. நமக்கு வேண்டியது இரண்டாவது எண். 100 டிகிரியில் ஆயிலின் கெட்டித்தன்மை 9.3-க்கும் 12.5 சென்டிஸ்டோக்குக்கும் இடையில் இருந்தால் அது 30. 12.5-இலிருந்து 16.3 வரை 40. 21.9-க்கு மேல் போனால்தான் 60. எல்லைகள் அகலமானவை என்பதால், 12.8 உள்ள ஒரு 40 ஆயிலுக்கும் 12.1 உள்ள ஒரு 30 ஆயிலுக்கும் கிட்டத்தட்ட வித்தியாசமே இருக்காது. டின்னின் முன்பக்கத்தை விட்டுவிட்டு அந்த ஆயிலின் டேட்டா ஷீட்டைத் தேடிப் படியுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

சூடு ஏற ஏற ஆயில் எவ்வளவு வேகமாக நீர்த்துப்போகிறது என்பதைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 100 டிகிரியில் 14 சென்டிஸ்டோக் இருக்கும் ஒரு சராசரி 5டபிள்யூ-40, 130 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 8-க்கு இறங்கிவிடும். 100 டிகிரியில் ஒரு 0டபிள்யூ-20 இருக்கும் நிலை அதுதான். நீங்கள் 40 ஊற்றியிருந்தாலும், கடைசிச் சுற்றில் பேரிங் (இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்கைத் தாங்கும் பகுதி) பார்ப்பது கிட்டத்தட்ட 20-ஐத்தான். அதே 130-இல் ஒரு 0டபிள்யூ-20 சுமார் 5 சென்டிஸ்டோக் அளவில் நிற்கும். தினசரி ஓட்டத்துக்குப் பொருத்தமான மெல்லிய ஆயில் டிராக்கில் ஏன் பயமுறுத்துகிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். போதாக்குறைக்கு, மீட்டரில் தெரிவது சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில், இருக்கும் ஆயிலின் வெப்பம். கிராங்க் பேரிங்குக்குள் அழுந்தி வெளியேறும் படலம் அதைவிடச் சூடாக இருக்கும்.

அதனால் 100 டிகிரியில் அளந்த கெட்டித்தன்மையைவிட முக்கியமான ஒன்றை டேட்டா ஷீட்டில் தேடுங்கள்: ஹெச்.டி.ஹெச்.எஸ். 150 டிகிரியில், பேரிங்கில் நடப்பதைப் போல ஆயிலை வேகமாகத் தேய்த்து அளக்கும் கெட்டித்தன்மை இது. அலகு சென்டிபாய்ஸ். 20 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.6, 30-க்கு 2.9, 5டபிள்யூ-40 வகைக்கு 3.5. சுவாரஸ்யம் என்னவென்றால், ஃபோக்ஸ்வேகன் 502 00, 504 00 ஆகிய இரண்டு அப்ரூவல்களும் 3.5-ஐக் கட்டாயமாக்குகின்றன. உங்கள் சர்வீஸ் சென்டர் ஊற்றும் 5டபிள்யூ-30 டின்னில் 504 00 அச்சிட்டிருந்தால், பெயரில் 30 என்றாலும் சூட்டில் அது 40-இன் வாசற்படியில் நிற்கும் ஆயில். ஜப்பானிய காருக்கான 2.9 அளவுள்ள 5டபிள்யூ-30-உம் இதுவும் ஒன்றல்ல. “30 ஊற்றி இன்ஜினைக் கெடுத்துவிட்டார்கள்” என்று சர்வீஸ் சென்டரோடு சண்டைக்குப் போகும் முன் டின்னின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே 508 00 என்று இருந்தால் மட்டும் சண்டை நியாயம். அது 2.6 அளவில் நிற்கும் 0டபிள்யூ-20, அடையாளத்துக்குப் பச்சைச் சாயம் கலந்தது. அதற்கென வடிவமைக்காத உங்கள் இன்ஜினுக்கு அது ஆகாது.

அப்படியானால் 504 00 போதாதா, ஏன் 40? டிராக்கில் ஆயில் 120 டிகிரியைத் தாண்டாத கார் என்றால் போதும். 40-ஐச் சொல்வது பெட்ரோல் கலப்பை மனதில் வைத்து. உங்களுடையது சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் நேரடி ஊசி டர்போ பெட்ரோல் இன்ஜின். சிலிண்டர் சுவரில் படும் பெட்ரோலில் ஒரு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிச் சம்ப்புக்கு இறங்கும். நெரிசலில், ஏ.சி. போட்டுக்கொண்டு, ஆயில் சரியாகச் சூடேறும் முன்பே வண்டியை நிறுத்தும் பழக்கம் இருந்தால் இறங்குவது கூடும், ஆவியாகி வெளியேறுவது குறையும். 3, 4 சதவீதம் கலந்தாலே ஆயில் ஏறக்குறைய ஒரு கிரேடு கீழே இறங்கிவிடும். 40 ஊற்றினால் 5,000 கி.மீ. கழித்தும் 30-க்குக் குறையாமல் இருக்கும். 30 ஊற்றினால் டிராக்குக்குப் போகும் நாளில் உள்ளே இருப்பது 20-ஆக இருக்கலாம். ஒரு நீண்ட நெடுஞ்சாலைப் பயணம் கலந்த பெட்ரோலில் கொஞ்சத்தை எரித்து வெளியேற்றும். சென்னையிலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை ஓட்டிப்போகும் முப்பது, நாற்பது கி.மீட்டரே கொஞ்சம் உதவும், அதையே நம்பியிருக்க முடியாது.

இந்தக் கேள்வி பெரிய நிறுவனங்களுக்கும் வந்திருக்கிறது. அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான செவர்லே கார்வெட்டின் சி7 தலைமுறை நல்ல உதாரணம். தினசரிக்கு 5டபிள்யூ-30, டிராக்குக்குப் போனால் 15டபிள்யூ-50, திரும்பி வந்ததும் மறுபடி 5டபிள்யூ-30 என்று கையேட்டிலேயே எழுதிவைத்திருந்தார்கள். உங்கள் இரண்டாவது நண்பரின் யோசனை அப்படியே. 2019 மாடலில் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே 0டபிள்யூ-40-ஐக் கொண்டுவந்தார்கள். சாலைக்கும் டிராக்குக்கும் பொருந்தும் நடுப்புள்ளி 40 என்ற முடிவுக்கு இன்ஜினைச் செய்தவர்களே வந்து சேர்ந்தார்கள் என்பது எனக்குப் பெரிய சாட்சி. உங்கள் காரில் ஒவ்வொரு முறையும் 5.7 லிட்டர் வடித்து 5.7 லிட்டர் ஊற்றுவதில் காசுதான் வீண்.

10டபிள்யூ-60 ஏன் கூடாது? அது மோசமான ஆயில் என்பதால் அல்ல. பி.எம்.டபிள்யூவின் சில பழைய எம் இன்ஜின்கள் அதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. உங்கள் காரில் உள்ள ஈ.ஏ.888 மூன்றாம் தலைமுறை இன்ஜினில் ஆயில் பம்ப் இரண்டு நிலைகளில் அழுத்தத்தைத் தானே கட்டுப்படுத்துகிறது. ஆயில் கெட்டியாக இருந்தால் அழுத்தம் சுலபமாக ஏறிவிடும், பம்ப் அனுப்பும் அளவைக் குறைத்துக்கொள்ளும். மீட்டர் மாட்டிப் பார்த்தால் முள் உயரமாகத்தான் நிற்கும், பேரிங் வழியாக ஓடும் ஆயிலோ குறைந்திருக்கும். பேரிங்கைக் குளிரவைப்பது ஓட்டம்தான், அழுத்தம் அல்ல. கெட்டி ஆயில் தேய்ப்பிலேயே கூடுதல் சூட்டையும் உண்டாக்கும். “ஆயிரம் ஆர்.பி.எம்முக்குப் பத்து பி.எஸ்.ஐ.” என்ற பழைய அழுத்த வாய்ப்பாடும் இப்படிப்பட்ட பம்ப்புக்குப் பொருந்தாது. காலையில் 30 டிகிரியில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு 10டபிள்யூ-60 சுமார் 250 சென்டிஸ்டோக்கில் இருக்கும், 5டபிள்யூ-40 அதில் ஏறத்தாழ பாதி. வருஷத்தில் 360 நாள் பாகு மாதிரி ஆயிலை இன்ஜினுக்குள் தள்ளி, ஐந்து நாளைக்கு நிம்மதி தேடுவது சரியான பேரமில்லை.

இங்கே ஒரு சர்ச்சை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பி.எம்.டபிள்யூ எம்3-இன் எஸ்65 இன்ஜினுக்கு நிறுவனமே 10டபிள்யூ-60 சொன்னது. அதே இன்ஜினில்தான் கனெக்டிங் ராட் பேரிங் தேய்மானம் பேர்போனது. பேரிங் இடைவெளி குறைவு, அதற்கு அந்த ஆயில் அதிகக் கெட்டி என்று ஒரு கட்சி. பேரிங் உலோகமும் ஓட்டும் முறையும்தான் காரணம் என்று இன்னொரு கட்சி. தீர்ப்பு இன்னும் வரவில்லை. அதிலிருந்து நிச்சயமாக எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றுதான்: கெட்டி ஆயில் ஊற்றினாலே பேரிங் பிழைக்கும் என்பது விதியல்ல.

ரேசிங் ஆயில் என்ற பெயரில் வரும் எஸ்டர் வகைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சூட்டைத் தாங்குவதில் அவை உண்மையிலேயே நல்லவை. ஆனால் பெரும்பாலானவற்றுக்குக் கார் நிறுவனத்தின் அப்ரூவல் இருக்காது. காரணம், அவை போட்டி முடிந்ததும் வடித்துவிடுவதற்காகச் செய்தவை. பத்து மாதம் நெரிசலில் அமிலத்தையும் கரியையும் தாங்கிக் கிடப்பதற்கான சோதனைகளைக் கடந்தவை அல்ல. இன்னொரு விஷயம், குறைந்த வேகத்தில் வரும் முன்கூட்டிய வெடிப்பு. 1,500 ஆர்.பி.எம்மில் ஆறாவது கியரில் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினால், நேரடி ஊசி டர்போ இன்ஜினில் ஸ்பார்க் வரும் முன்பே கலவை பற்றிக்கொள்ளலாம், பிஸ்டன் உடையவும் கூடும். ஆயிலில் அழுக்கு நீக்கச் சேர்க்கும் கால்சியம் டிடர்ஜென்ட் அதிகமானால் இந்த ஆபத்து கூடுகிறது என்பது சோதனைகளில் நிரூபணமானது. 2020 மே மாதம் வந்த, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ. எஸ்.பி. தரம் இதற்கென ஒரு சோதனை வைத்திருக்கிறது. எனவே 502 00-உடன் எஸ்.பி.யும் இருக்கும் டின் கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் குறைந்த வேகத்தில் கியரைக் குறைத்து ஓட்டுங்கள். அது இலவசம்.

அப்ரூவல் என்ற சொல்லில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. “அப்ரூவல் பெற்றது” என்பது வேறு, “தேவைகளைப் பூர்த்தி செய்கிறது”, “பரிந்துரைக்கிறோம்” என்பது வேறு. முதலாவதைக் கார் நிறுவனம் சோதித்துத் தருகிறது. மற்றவற்றை ஆயில் விற்பவரே சொல்லிக்கொள்கிறார். 502 00-உடன் போர்ஷே ஏ40 அப்ரூவலும் இருந்தால் உங்கள் பயன்பாட்டுக்கு இன்னும் நம்பிக்கை. போர்ஷேவின் அந்தச் சோதனை சூடு நிறைந்த ஓட்டத்தை மனதில் வைத்து வந்தது. எக்ஸாஸ்ட்டில் பெட்ரோல் துகள் வடிகட்டி உள்ள புதிய கார்களை வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்றக் கூடாது. சாம்பல் குறைந்த 504 00, அல்லது 511 00 அப்ரூவல் உள்ள 0டபிள்யூ-40-தான் அவர்களுக்கு. பைக்குக்கான ஜாசோ எம்.ஏ. தர ஆயிலில் “ரேசிங்” என்று எழுதியிருந்தாலும் உங்களுக்கு அது வேண்டாம், அது ஆயிலில் மூழ்கி இயங்கும் ஈரக் கிளட்ச்சுக்காகச் செய்தது. “ஃபுல்லி சிந்தெடிக்” என்ற சொல்லையும் அளவுகோலாக வைக்காதீர்கள். நன்கு சுத்திகரித்த பெட்ரோலிய ஆயிலும் அந்தப் பெயரில் நியாயமாகவே விற்கிறது.

இனி டிராக். ஆயில் மேல் போடும் பழிகளில் பாதிக்குச் சொந்தக்காரர் ஆயிலின் அளவு. உங்கள் காரில் இருப்பது சாதாரண சம்ப். நீண்ட வேகமான வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். பம்ப்பின் உறிஞ்சு குழாய் காற்றை இழுத்தால் எத்தனை விலையுள்ள ஆயிலும் காப்பாற்றாது. கெட்டி ஆயிலாக இருந்தால் சிலிண்டர் ஹெட்டிலிருந்து சம்ப்புக்குத் திரும்பி இறங்கவும் தாமதமாகும், நிலைமை கொஞ்சம் மோசமாகவே ஆகும். சாதாரண டயரில் ஓட்டும்வரை பெரிய பயமில்லை. பிடிப்பு அதிகமுள்ள செமி ஸ்லிக் டயர் மாட்டிய நாளிலிருந்து வளைவில் தாங்கும் விசை கூடும். அப்போது தேவைப்படுவது சம்ப்புக்குள் தடுப்புத் தகடு, வேறு கிரேடு ஆயில் அல்ல. காலையில் சமதளத்தில், இன்ஜின் சூடாகி அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். மேல்கோட்டில் இருக்க வேண்டும், அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், மீதி காற்றுக் குழாய் வழியாக டர்போவுக்குப் போய் எரியும். ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் மறுபடி பாருங்கள். அதே ஆயிலில் ஒரு லிட்டர் டிக்கியில் இருக்கட்டும். ஆயிரம் கி.மீட்டருக்கு அரை லிட்டர் வரை குடிக்கலாம் என்று கையேடே அனுமதிக்கும் இன்ஜின் குடும்பம் இது, டிராக்கில் அந்தத் தாகம் கூடத்தான் செய்யும்.

ஓட்டும்போது கூலன்ட் முள்ளை மறந்துவிட்டு மீட்டர் திரையில் ஆயில் வெப்பத்தை வைத்துக்கொள்ளுங்கள். கூலன்ட் 90-க்கு வந்த பிறகும் ஆயில் 60-இல் தவழ்ந்துகொண்டிருக்கும். 80 தாண்டும்வரை முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம். 100 முதல் 120 வரை ஆயிலுக்குச் சொந்த வீடு. 130 வந்தால் அடுத்த சுற்று மெதுவாக. 140 வந்தால் உள்ளே வந்துவிடுங்கள், அந்த ஆயிலின் ஆயுளைப் பாதியாகக் கணக்கிடுங்கள். மதியம் இரண்டு மணி வெயிலில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள். டிராக்கிலிருந்து பிட்டுக்கு (வண்டி நிறுத்தும் இடம்) வந்ததும் உடனே அணைக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள், இல்லையென்றால் டர்போ தண்டில் தங்கும் ஆயில் கரியாகும்.

ஒவ்வொரு முறையும் 130 தாண்டுகிறது என்றால் கெட்டி ஆயில் தேடாமல் சூட்டின் மூலத்தைத் தேடுங்கள். இந்த இன்ஜினில் ஆயில் குளிர்வது கூலன்ட் மூலமாக. ரேடியேட்டருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் இடையே எட்டு வருஷத் தூசியும் பூச்சியும் அடைத்திருந்தால் ஆயில் வெப்பம் ஏறத்தான் செய்யும். முதலில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, கூலன்ட்டையும் மாற்றிப் பாருங்கள். பிறகும் குறையாவிட்டால்தான் தனி ஆயில் கூலர், அதுவும் சூடேறிய பிறகே ஆயிலைக் கூலருக்கு விடும் தெர்மோஸ்டாட் உள்ளதாக. தெர்மோஸ்டாட் இல்லாத கூலர் போட்டால், மழைக்கால மாலையில் ஆபீஸிலிருந்து வீடு சேரும்வரை ஆயில் சரியாகச் சூடேறாது, பெட்ரோல் கலப்பு கூடும். இன்ஜின் மென்பொருளை மாற்றி ஆற்றலைக் கூட்டியிருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. கூட்டியிருந்தால் சூட்டுக் கணக்கு மாறும். அப்போது வெப்பத்தைப் பார்க்காமல் இங்கிருந்து எண் சொல்வது ஜோசியமாகிவிடும்.

மாற்றும் இடைவெளி 7,500 கி.மீ. அல்லது ஒரு வருஷம், இடையில் மூன்று டிராக் நாள் முடிந்தால் அப்போதே. இது பரிசோதனை அறிக்கை இல்லாதவர்களுக்கான பாதுகாப்பான கணக்கு. துல்லியம் வேண்டுமென்றால், வடிக்கும்போது பாதி ஓடிய பின் நடுத்தாரையில் சுத்தமான பாட்டிலில் 100 மில்லி பிடித்து, லாரி, ஜெனரேட்டர் ஆயில் பரிசோதிக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். 100 டிகிரி கெட்டித்தன்மை, பெட்ரோல் சதவீதம், இரும்பு, செம்பு, ஈயம், சிலிக்கான் ஆகியவற்றைக் கேளுங்கள். சிலிக்கான் ஏறியிருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி வருகிறது. கெட்டித்தன்மை 12.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் இடைவெளியை இன்னும் குறைக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: வழக்கமான உலோகச் சோதனை சுமார் 5 மைக்ரானுக்கு மேலான துகள்களைச் சரியாகப் பார்க்காது. பேரிங் செதில் செதிலாகப் பெயர்ந்தால் அறிக்கை சுத்தமாகவே வரலாம். பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பார்ப்பது, காசு செலவில்லாத நல்ல துணைச் சோதனை.

இப்போது உள்ளே இருக்கும் ஆயிலிலிருந்து மாற, இன்ஜினின் உள்ளே கழுவும் ஃபிளஷ் எதுவும் வேண்டாம். தரம் பெற்ற ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்க வேண்டும் என்பது தரத்திலேயே இருக்கும் நிபந்தனை. சூடாக வடித்து, கால் மணி நேரம் சொட்ட விட்டு, ஃபில்டரை மாற்றி, 5 லிட்டர் ஊற்றி ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். மீதியை டிப்ஸ்டிக் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள். டின்னை அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள், மூடி முத்திரையையும் பேட்ச் எண்ணையும் பாருங்கள். நம் ஊரில் இந்த விலைக்கு விற்கும் ஆயிலில் போலியின் ஆபத்து, கிரேடு தவறுவதைவிடப் பெரியது. வேலை முடிந்ததும் காலி டின்னில் ஸ்க்ரூ டிரைவரால் நாலு ஓட்டை போட்டுவிட்டுத் தூக்கிப் போடுங்கள், பழைய பேப்பர் கடை வழியாக அது வேறு யாருடைய இன்ஜினுக்கோ திரும்பிப் போகாமல் இருக்கும்.